சபூரும் சாய்தளமும்: முள்ளந்தண்டு முறிந்தவர்களை நாம் எழுதும் விதம்

இடுப்புக்குக் கீழே இயங்காத ஒரு மனிதர் நமது சமூகத்தின் இதழ்களிலோ கவியரங்குகளிலோ ஜும்ஆப் பிரசங்கங்களிலோ வருகிறாரென்றால், பெரும்பாலும் மூன்று உருவங்களில் ஒன்றாகத்தான் வருகிறார். முதலாமவர் சோதனையைப் பொறுத்துக்கொண்ட ஸாபிர். இரண்டாமவர் எல்லாத் தடையையும் வென்று காட்டிய அதிசய மனிதர். மூன்றாமவர் யுத்தத்தின் சாட்சி. அவருடைய கால்கள் ஒரு குற்றப்பத்திரத்தின் இணைப்பு. இந்த மூன்று உருவங்களும் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. பொறுமை உண்டு, வெற்றி உண்டு, குற்றமும் உண்டு. ஆனால் இந்த மூன்று எழுத்திலும் காலை எட்டு மணி என்றொரு நேரம் இல்லை. அந்த மனிதரைக் கட்டிலால் இறக்கியது யார், அவர் சலம் எப்படிப் போனார், எந்த வாசலால் வெளியே வந்தார், எந்தத் தொழிலுக்குப் போனார், அந்தத் தொழிலில் என்ன கிடைத்தது என்ற விபரங்கள் இல்லை. வாழ்க்கை நடப்பது அந்த விபரங்களில்தான்.

இதை நான் எழுதுவதற்கு இரண்டு உரிமை இருக்கிறது. ஒன்று, வாசகன் என்ற உரிமை. மற்றது, 2012 இல் வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற ஏறி விழுந்த நாளிலிருந்து வேலணையில் ஒரு வீல்செயாரில் இருந்து வாசிக்கிறவன் என்ற உரிமை. என்னைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் தேவைக்கு மேல் வராது. எழுத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சாவிலிருந்து வாழ்வுக்கு

முதலில் ஒரு வரலாற்று உண்மை. முள்ளந்தண்டு வடம் நசுங்கியவர் நெடுங்காலம் வாழ்வதென்பது மனித வரலாற்றில் மிக அண்மைக்காலச் செய்தி. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு இப்படி விழுந்தவர்களில் அநேகர் சில மாதங்களில் அல்லது சில வருடங்களில் மௌத்தாகினார்கள். அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பல்ல. படுக்கைப்புண்ணும் சலப்பையில் ஏற்பட்டுச் சிறுநீரகம்வரை ஏறிய கிருமித் தொற்றும்தான் கொன்றன. ஜேர்மனியில் நாஸிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவொன்றைப் பொறுப்பேற்றார். அவர் செய்ததில் மந்திரம் எதுவுமில்லை. நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை இரவும் பகலும் புரட்டிப் படுக்கவைத்தார். சலப்பையைச் சுத்தமாக வெறுமையாக்கினார். பிறகு எல்லோரையும் ஏதாவது வேலையில், விளையாட்டில் இறக்கினார். 1948 ஜூலை 29 ஆம் திகதி அந்த மருத்துவமனை வளவில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான்.

ஒரு இலக்கியக் கட்டுரையில் இதை ஏன் சொல்லவேண்டும்? நமது கதைகளில் வரும் "முடமாகிப்போனவர்" இன்னமும் 1940 க்கு முந்திய மனிதராகவே இருக்கிறார். கட்டிலில் கிடக்கிறார், ஜன்னலால் பார்க்கிறார், மூன்றாவது பக்கத்தில் கண்ணை மூடுகிறார். எழுதுகிறவருக்கு மருத்துவம் தெரியாததால் கதைக்குச் சாவு ஒன்றுதான் முடிவாகக் கிடைக்கிறது. கதிரையில் இருப்பவர் கால் மணித்தியாலத்துக்கு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் உணர்ச்சியற்ற தோல் உள்ளுக்குள்ளே அழுகத் தொடங்கும். நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கொருமுறை சிறு குழாய் போட்டுச் சலத்தை இறக்கவேண்டும். இந்த இரண்டு வேலையையும் அறிந்துகொண்டால் கதாபாத்திரம் சாகத் தேவையில்லை. அவர் கடைக்குப் போகலாம், கலியாணம் முடிக்கலாம், பொய் சொல்லலாம், பக்கத்து வீட்டாரோடு எல்லைச் சண்டை பிடிக்கலாம். நாவலுக்குத் தேவையானது அதுதானே.

மேரி வர்கீஸ்: ஒரு நல்ல புத்தகமும் அதன் விளிம்பும்

இந்தத் துறையில் நமது பக்கத்து மண்ணில் நடந்த வாழ்வொன்றை முழுநீளமாக எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டொரதி கிளார்க் வில்சன் 1963 இல் வெளியிட்ட 'டேக் மை ஹேண்ட்ஸ்'. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை. கேரளத்துப் பெண். 1954 இல் வாகனம் குடைசாய்ந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை, முகத்திலும் கடும் காயம். இளம் டாக்டர், இருபதுகளின் கடைசி வயது.

அந்த நேரத்தில் வேலூரில் டாக்டர் போல் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்துகிற சத்திரசிகிச்சையில் ஈடுபட்டிருந்தார். கைச் சத்திரசிகிச்சையை இருந்துகொண்டே செய்யலாம். இந்தச் சின்ன உண்மைதான் மேரி வர்கீஸின் தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. அவர் வீல்செயாரில் இருந்தபடி தொழுநோயாளரின் கைகளில் கத்தி வைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்குப் போய், தன்னைப் போன்றவர்கள் தாங்களே எழும்பி, உடுத்து, வேலைக்குப் போவதைக் கண்டார். அதன்பின் நியூயோர்க்கில் ஹவார்ட் ரஸ்கின் நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வேலூருக்குத் திரும்பினார்.

இந்தப் புத்தகத்தின் பலம், பெரிய மாற்றத்தைச் சின்ன விபரத்தில் காட்டுவது. மேரியை மீண்டும் டாக்டராக்கியது மனவுறுதி மட்டுமல்ல, மேசையின் உயரமும் வேலையின் தன்மையும் என்பதை வாசகர் விளங்கிக்கொள்கிறார். அவரைத் தூக்கியவர்களும் தள்ளியவர்களும் புத்தகத்தில் இருக்கிறார்கள். மனச்சோர்வும் இருக்கிறது. நமது கட்டுரைகளில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

குறையும் இருக்கிறது. வில்சன் மேலைநாட்டுத் திருச்சபை வாசகருக்காக எழுதியவர். வேலூர்க் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றியும் இதற்கு முன் எழுதியிருந்தார். அதனால் இந்த வாழ்க்கை ஒரு இறைப்பணிக்கான அழைப்பாக, படிப்படியாக மேலேறும் ஒரு சாட்சியமாக அமைக்கப்படுகிறது. விழுந்த நாளே ஏறத் தொடங்கிய நாளாகிவிடுகிறது. நாம் சொல்லும் 'சோதனை' என்ற அச்சின் கிறிஸ்தவ வடிவம் இது. அச்சு ஒன்றுதான், எழுத்துருதான் வேறு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று, அது ஆசிரியரின் பிழையும் அல்ல. புத்தகம் 1963 இல் முடிந்துவிட்டது. வேலூரில் மேரி வர்கீஸின் தலைமையில் புனர்வாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது 1966 இல். விழுந்து படுத்தவர்கள் அங்கே போய்த் தங்கி, புரளவும் எழும்பவும் கதிரைக்கு மாறவும் படித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்தியாவில் இத்துறைக்கு வழி போட்ட இடம் அது. 1972 இல் பத்மஸ்ரீ, 1986 இல் மரணம். அப்படியானால் அந்தப் பெண்ணின் முழுமையான, சுறுசுறுப்பான வாழ்வின் இருபது வருடங்களுக்கு மேற்பட்ட பகுதி புத்தகத்துக்கு வெளியே கிடக்கிறது. தனி ஆளின் வெற்றியில் கதை நின்றுவிட்டது. அந்த வெற்றி ஒரு கட்டடமாக, ஒரு துறையாக, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரின் வெற்றியாக மாறிய பாகத்தை எழுத ஆள் வரவில்லை. நமது எழுத்தின் பொதுவான நோயும் இதுதான். எழுந்தவரைக் கொண்டாடுகிறோம். மற்றவர் எழும்ப அவர் என்ன செய்தார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஆய்குடியும் கொழும்பும்

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்குடி என்றொரு ஊர். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975 இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். 1981 இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்கு வைத்தியம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயர். 2020 இல் இவருக்குப் பத்மஸ்ரீ. இங்கே நான் கவனிப்பது விருதை அல்ல. இந்த மனிதர் நகரத்துக்குப் போகவில்லை. கிராமத்துப் பிள்ளை நகரத்துக்குப் போய் வைத்தியம் எடுக்கிற பாதையைத் திருப்பி, வைத்தியத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். திருவண்ணாமலையில் ப்ரீத்தி சீனிவாசனும் அந்த வழியில்தான் போகிறார். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்தவர். 1998 இல் கழுத்துக்குக் கீழே இயக்கம் போனது. முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்காக 'சோல்ஃப்ரீ' அமைப்பை நடத்துகிறார். பெண் என்பதால் அவர் கதையில் இன்னொரு கேள்வி கூடுகிறது. விழுந்த ஆணை மனைவியோ உம்மாவோ பார்ப்பாள் என்று ஊர் எதிர்பார்க்கிறது. விழுந்த பெண்ணை யார் பார்ப்பார்?

நமது நாட்டில் இந்த வரிசைக்கு உரியவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 இல் கொழும்பில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின்மேல் வீதியோர மரமொன்று விழுந்தது. அதன்பின் வாழ்நாள் முழுக்க வீல்செயார். அவர் தன் சோகத்தை எழுதிக்கொண்டிருக்கவில்லை, கட்டடங்களின் குறையை எழுதினார். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைச் சொன்னது. 2006 இல் பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. வந்தவை கடதாசியில் இருந்தன. பெரேரா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டு, தானே வாதாடினார். 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி, புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கமையவே கட்டப்படவேண்டுமென்று நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020 இல் அவர் காலமானார்.

அவருடைய கதையில் கண்ணீருக்கு இடம் குறைவு, அளவு நாடாவுக்கு இடம் கூட. ஓரங்குலம் உயர ஓரடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. வாசல் நிலையின் உட்புறம் இரண்டடி எட்டங்குலமாவது இருந்தால்தான் கை உரசாமல் கதிரை போகும். இந்த இரண்டு எண்ணும் தெரிந்த எழுத்தாளர் எழுதுகிற கதையில் "அவர் நிகழ்ச்சிக்கு வரவில்லை" என்ற வசனத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். வராமல் விட்டது அவரா, வாசலா என்ற கேள்வி வரும்.

நமது மரபில் இருந்த பட்டியல்

இதெல்லாம் மேற்குலகச் சிந்தனை, நமக்குச் சபூர் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் நமது மரபைத்தான் மறந்துவிட்டார்கள்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ராவின் பேரெழுத்தாளர் அல் ஜாஹிழ் வெண்குஷ்டமுடையோர், முடவர், குருடர், மாறுகண்ணர் பற்றித் தனி நூலே எழுதினார். 'கிதாபுல் புர்ஸான் வல் உர்ஜான் வல் உம்யான் வல் ஹூலான்' என்பது அதன் பெயர். முதுமையில் ஜாஹிழே பக்கவாதத்தால் ஒரு பாகம் இயங்காதவராக இருந்தார். அந்த நூலில் இப்படிப்பட்டவர்கள் கவிஞராக, தலைவராக, பேச்சாளராக வருகிறார்கள். 1363 இல் மறைந்த ஸஃபதீ கண்பார்வையற்ற அறிஞர்களுக்கென்றே 'நக்துல் ஹிம்யான்' என்ற வாழ்க்கை அகராதியைத் தொகுத்தார். கஷ்ஷாஃப் என்ற தஃப்ஸீரை எழுதிய ஸமக்‌ஷரீ ஒரு பாதத்தை இழந்தவர். இலக்கணத்திலும் தஃப்ஸீரிலும் அவரோடு சண்டை பிடித்தவர்கள் அவருடைய வாதத்தோடு சண்டை பிடித்தார்களே தவிர அவருடைய காலைப் பார்த்து இரங்கவில்லை. இந்த நூல்கள் ஒருவரை அடையாளம் காண்பது அவர் செய்த வேலையால்.

அதற்கும் முன்னால் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) இருக்கிறார். ஸூரா அபஸ இறங்கிய பின்னணி எல்லோருக்கும் தெரியும், பிரசங்கங்களில் அதோடு நிறுத்திவிடுகிறோம். அந்தப் பார்வையற்ற ஸஹாபி மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் விட்டுச் சென்ற சந்தர்ப்பங்களும் உண்டு. வரலாறு அவரை ஸதகா வாங்கியவராக நினைவில் வைத்திருக்கவில்லை. பொறுப்பு வகித்தவராகவே வைத்திருக்கிறது.

ஃபிக்ஹும் அப்படித்தான். நமது ஷாஃபிஈ நூல்கள் நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் படுத்தும், அதுவும் முடியாதவர் சைகையாலும் தொழுவதை வரிசையாக விளக்குகின்றன. சலம் கட்டுப்படாதவர் சுத்தம் செய்து கட்டிக்கொண்டு, வக்து நுழைந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூ எடுத்துத் தொழும் முறையை நுணுக்கமாகச் சொல்கின்றன. சலக்குழாயோடு இருப்பவர் வெட்கப்படாமல் ஆலிமிடம் கேட்கக்கூடிய சட்டம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நமது நவீன சிறுகதை வாய் திறக்கக் கூச்சப்படுகிற விடயத்தை நமது பழைய கிதாபுகள் சாதாரணமாகப் பேசின. எழுத்துத் துணிவு எங்கே இருந்தது, எங்கே குறைந்தது என்று யோசிக்கவேண்டிய இடம் இது.

ஆனால் ருக்ஸத் என்ற சலுகையை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பள்ளிவாசல் ஒன்றுக்குச் சாய்தளம் கேட்டபோது நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "நானா, உங்களுக்கு ஜும்ஆ கடமையில்லத்தானே. வீட்டில ளுஹரைத் தொழுங்களே. அல்லாஹ் உங்களுக்குச் சுவர்க்கத்த லேசாக்கிட்டான்." நான் சொன்னேன், "தம்பி, சுவர்க்கத்துக்குப் போற பாதையை அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான். இந்த ஒண்டரை அடிப் படியை நீங்க பாருங்க." கடமையில்லை என்பது எனக்குத் தரப்பட்ட சலுகை, கட்டடத்துக்குத் தரப்பட்டதல்ல. ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டடி சாய்தளம் போதும். சட்டம் பள்ளிவாசல் வாசலைத் தட்டுமா தட்டாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தட்டுமுன்னமே திறக்கவேண்டிய கதவு அது.

வேலணையிலிருந்து வாசிக்கும்போது

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி வேலணைக்கு வரும் வீதி இப்போது நல்ல தார் வீதி. வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் மணல். வீல்செயாரின் முன்சில்லு சின்னது, மணலில் புதைந்து நிற்கும். பின்பக்கமாகத் திரும்பி, பெரிய சில்லு முன்னுக்குப் போகும்படி இழுத்துக்கொண்டு போனால்தான் போகலாம். இந்த வித்தையை எந்த ஆஸ்பத்திரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதே ஊரில் பனையால் விழுந்து பல வருடமாகக் கதிரையில் இருக்கும் சீவல் தொழிலாளி ஒருவர்தான் சொல்லித் தந்தார். "மாஸ்டர், மணலோட மல்லுக்கட்டாதேங்கோ. முதுகைக் காட்டிக்கொண்டு போங்கோ" என்றார். தளைநாரும் பாளைக்கத்தியுமாக மரமேறிய கை அவருடையது. இப்போது அதே கையால் பனையோலையில் பின்னுகிறார், சைக்கிள் ரியூப் ஒட்டுகிறார். யாரும் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதவில்லை. எழுதவந்த ஒருவரும் அவர் யுத்தத்தில் காயப்பட்டவரல்ல என்று அறிந்ததும் போய்விட்டாராம். "எனக்குக் குண்டு படேல்லையாம், அதால கதை இல்லையாம்" என்று அந்த அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னார்.

இந்தச் சிரிப்பு வடக்கைப் பற்றிய நமது எழுத்தின் மீதான நேர்மையான விமர்சனம். 2009 வரை நடந்த யுத்தத்தில் ஷெல்லும் குண்டும் பட்டு முள்ளந்தண்டு சிதைந்தவர்கள் ஏராளம். அவர்களின் வலி எழுதப்படவேண்டும். எழுதப்படும்போது அவர்கள் 2009 இலேயே நிறுத்திவைக்கப்படுகிறார்கள். வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து 'உயிரிழை' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். தங்கள் படுக்கைப்புண்ணையும் தங்கள் பிள்ளைகளின் படிப்பையும் தாங்களே பேசுகிறார்கள். காயம்பட்ட நாளின் கவிதை நம்மிடம் நிறைய இருக்கிறது. காயம்பட்டுப் பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கப் போன நாளின் கவிதையைத் தேடவேண்டியிருக்கிறது.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் துரத்தப்பட்டோம். அண்ணளவாக 75 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த வெளியேற்றத்தைப் பற்றி நமது கவிஞர்களும் கதைகாரரும் எழுதியவை மதிப்புள்ளவை. அவற்றில் எல்லோரும் நடந்தே போகிறார்கள். நடக்க முடியாதவரை யார் தூக்கிப் போனார், எதில் வைத்துப் போனார் என்று நான் தேடிப் பார்க்கிறேன். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு வாப்பும்மாவோ அப்பாவோ தூக்கப்பட்டிருப்பார். அந்தத் தூக்கல் எழுத்தில் மிக அரிது. திரும்பி வந்தவர்களின் கதையிலும் அப்படித்தான். வீடு கட்டினோம், பள்ளியைத் திருத்தினோம் என்று எழுதுகிறோம். கட்டிய வீட்டின் கக்கூஸுக்கு எத்தனை படி வைத்தோம் என்று எழுதுவதில்லை. புதிதாகக் கட்ட இடம் கிடைத்தவர்களாகிய நாம் அதைச் சரியாகக் கட்டியிருக்கலாம்.

தீவுப்பகுதி வாழ்க்கையில் இன்னும் சில விபரங்கள் இருக்கின்றன. கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் விலைக்கு அல்லது பவுசருக்குக் காத்திருந்து வரும். சலப்பைத் தொற்று வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொல்லும்போது, தீவான் அந்த வசனத்தை வேறுவிதமாகக் கேட்கிறான். குறிகாட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் படகேறுவதென்றால் நாலு பேர் கதிரையோடு தூக்கவேண்டும். அலை ஏறி இறங்குகிற கணத்தில் அந்த நாலு பேரின் ஒற்றுமைதான் என் உயிர். இதை எழுதினால் கதையா, முறைப்பாடா? இரண்டும்தான். நல்ல புனைவு முறைப்பாட்டையும் தன்னுள் வைத்துக்கொள்ளத் தெரிந்தது.

விமர்சகர் கேட்கவேண்டியவை

உடல் இயலாமை பற்றி நமது இதழ்களுக்கு வரும் கதை, கவிதை, வாழ்க்கைக் குறிப்பு எதுவானாலும் சில கேள்விகளை முன்வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, இந்த மனிதருக்கு இயலாமையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கோபம், கடன், ஆசை, அரசியல், பகிடி ஏதாவது? ஒன்றுமே இல்லையென்றால் அங்கே மனிதர் இல்லை, உதாரணம் மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, அவரைத் தூக்குகிறவர் எங்கே? பெரும்பாலும் அது ஒரு பெண். என் மனைவியின் முதுகு வலியை விட்டுவிட்டு என் பொறுமையைப் பாராட்டுகிற எந்தக் கட்டுரையும் அரைக் கட்டுரைதான்.

மூன்றாவது, காசு எங்கிருந்து வருகிறது? குழாய்க்கு, மெத்தைக்கு, ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு போகிறது? ஸகாத் வாங்குகிறவராக மட்டும் ஒருவரைக் காட்டும் எழுத்து, அவர் ஸகாத் கொடுக்கக்கூடியவராக ஆகும் நாளைக் கற்பனை செய்யவில்லை.

நாலாவது, கதை எங்கே முடிகிறது? எழுந்த இடத்தில் முடிகிறதா, எழுந்தபின் நடந்த வருடங்களுக்குள் போகிறதா? வில்சனின் நல்ல புத்தகத்துக்கே இந்தக் கேள்வியில் முழுப் புள்ளி கிடைக்கவில்லை.

கடைசியாக, சபூரைப் பற்றி ஒன்று. அதை எழுத்திலிருந்து வெளியேற்று என்று நான் கேட்கவில்லை. உணர்ச்சியற்ற காலுக்குள் நெருப்பு ஊர்வதுபோல நரம்பு எரிகிற இரவுகள் உண்டு. அந்த நேரத்தில் அய்யூப் நபி (அலை) அவர்களை நினைப்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் அய்யூப் நபியின் சபூர் அவருடையது. அவருடைய அயலவர் அதைச் சாட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்க அனுமதி பெற்றதாக எங்கும் இல்லை. என்னுடைய சபூர் எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளது. சாய்தளம் எனக்கும் ஊருக்கும் இடையிலுள்ளது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிடுகிற எழுத்தை நமது இதழ்கள் இனிமேலும் சோதித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது.

இளம் எழுத்தாளர்கள் இதை வாசித்தால் ஒரு வேலை சொல்லுவேன். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல், வாசிகசாலை, பிரதேச சபை, மையவாடி நான்கின் வாசல்களையும் அளவு நாடா கொண்டு அளந்து வாருங்கள். படிகளை எண்ணுங்கள். அவற்றுக்குள் போகமுடியாமல் இருப்பவர் யாரென்று விசாரித்து அவர் வீட்டுக்குப் போங்கள். அவரோடு ஒரு பின்னேரம் இருந்து தேத்தண்ணி குடித்து, அவர் இன்று காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். விழுந்த நாளைப் பற்றி அவராகச் சொன்னாலன்றிக் கேட்கவேண்டாம். நீங்கள் எழுதவேண்டிய கதை அந்தக் காலைக்குள் இருக்கும்.